மாகாணிச் சுற்று

காஸ் அடுப்பில் ஜ்வாலை நீலமாக எரிகிற வரையில் நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மஞ்சளாக எரிய ஆரம்பித்தால்தான் சமையலறையில் கலவரம். குக்கரின் அடி கரி. இட்லிப் பானையின் அடி கரி. தேய்க்கிறவளின் முகமோ அதைவிடக் கரி. "காஸில் ஏதோ கலப்படம்" என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் தலையை நுழைத்துக் கொள்வார்.

காஸின் மேல் பழி போடுவானேன், சகோதரிகளே? பெரும்பாலும் காற்றுப் போதாததுதான் காரணம். பர்னரின் துவாரங்களில் பாலும் பருப்பும் பொங்கி வழிந்து அடைத்துக் கொண்டிருக்கும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் ஜ்வாலை மறுபடி நீலமாகிவிடும்.

இந்த அடுப்புச் சாஸ்திரத்தை இன்று எதற்காக எடுத்தேன் என்றால், இதே பாடத்தை நான் ஜெர்மனி தேசத்தில் ஒரு மோட்டார் காரின் முன்னால் நின்றுகொண்டு மறுபடியும் கற்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் எனக்குத் தெரிந்த ஒரே பாகம், பின் ஸீட்டில் ஜன்னலோர இடம். அப்படிப்பட்ட எனக்கே புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

பெண்ணின் பிரசவத்துக்காக ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் போயிருந்தேன். பிரசவ லேகியமும் பூண்டுப் பொடியும் என்னோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பேரனும் நல்லபடியாகப் பிறந்தான். பிப்ரவரி மாதக் குளிர்; வெளியே தலை நீட்ட முடியாது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் எனக்குப் பேச்சுத் துணை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். பேரனுக்கு எந்தப் பாஷையும் தெரியாது. ஆகையால் மூன்று பேரும் சௌகரியமாகப் பேசிக் கொண்டிருந்தோம்.

அந்த அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவர் விட்டுப் போனது ஒரு வீடு, ஒரு கடிகாரம், 1979ஆம் வருஷத்துக் கார் ஒன்று. எந்தக் கம்பெனியின் கார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். நாம் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துலக்குவது போல அவர் சனிக்கிழமைதோறும் அந்தக் காரைத் துடைப்பார். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதில் ஏறி, போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவார். ஒரு மணி நேரப் பிரயாணம். தாமே ஓட்டிக் கொண்டு போவார்.

"ரயிலில் போகலாமே?" என்று கேட்டேன்.

"போகலாம். ஆனால் ரயிலில் என் தங்கையை ஏற்றிக் கொண்டு ஆற்றங்கரைக்குப் போக முடியுமா?" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்தக் காருக்குத்தான் வந்தது வியாதி. முந்தின கோடையில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். தெரிந்த பையன் ஒருவன் வந்தான். ஒரு சின்னச் சாவியை எங்கோ விட்டு இரண்டு நிமிஷம் திருகினான். கார் ஓடிற்று. அம்மாளும் சந்தோஷமாக அவனுக்குக் கேக் கொடுத்து அனுப்பினார். ஆனால் அன்று முதல் பெட்ரோல் செலவு ஏறிற்று. புகைக் குழாயின் வாயில் அடுப்புக்கரி போல் கறுப்புப் படிந்தது. அந்தத் தேசத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை காரைப் பரிசோதனைக்குக் கொண்டு போக வேண்டும். போனார். "புகையில் கார்பன் மோனாக்ஸைடு மிதமிஞ்சி இருக்கிறது. சரி செய்து ஒரு மாதத்துக்குள் திரும்பக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு ஊரில் இருக்கும் பிள்ளை போனில் பேசினான். "அம்மா, இதோடு விட்டுவிடு. காரை விற்றுவிடலாம்" என்றான். அம்மாள் அன்று முழுவதும் என்னிடம்கூடப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், பேரனைத் தோளில் போட்டுக் கொண்டு ஜன்னல் அருகே நின்றிருந்தேன். எதிரே அம்மாளின் கார் ஷெட். ஷட்டர் கால்வாசிதான் தூக்கியிருந்தது. உள்ளே எஞ்சின் ஓடும் சப்தம். கீழே இடுக்கு வழியாகப் புகை வந்து கொண்டிருந்தது. ஆள் மட்டும் வெளியே வரவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று கத்திக் கொண்டு ஓடினேன்.

மாப்பிள்ளை ஷட்டரை முழுக்கத் தூக்கினார். அம்மாள் காரின் கதவைப் பிடித்துக் கொண்டு, மறு கையால் தலையைப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே இழுத்து வந்து உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தார். மாப்பிள்ளை மூச்சை அடக்கிக் கொண்டு போய் எஞ்சினை நிறுத்தினார். என் பெண் 112க்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்துச் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள்.

குளிராக இருக்கிறதே, எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தாராம். உள்ளே நின்றது சில நிமிஷங்கள்தான். இன்னும் சில நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

கார்பன் மோனாக்ஸைடு என்கிற விஷவாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் முகர்வது பெட்ரோல் நாற்றத்தை. விஷம் அதன் பின்னால் ஒளிந்து கொண்டு வருகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து போகிற ஹீமோக்ளோபினை இது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். பிடித்ததில் பாதி விடுபடவே, வெளிக் காற்றில் நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அப்புறம் மயக்கம். "பித்தம்" என்று நாம் நினைத்துப் படுத்தோமானால் எழுந்திருப்பது நிச்சயமில்லை.

மாப்பிள்ளை விசாரித்து, பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்களின் சங்கத்தின் மூலம் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தார். நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பெட்டி. அதற்குள் புகையைச் சோதிக்கும் மீட்டர். வந்தவர் முதல் காரியமாகக் காரைத் தள்ளி வெளியே வீதியோரத்தில் நிறுத்தச் சொன்னார். "இந்த வேலையைக் கூரைக்குக் கீழே செய்ய மாட்டேன்" என்றார்.

"அந்தச் சின்னத் திருகைத் திருப்பிச் சரி செய்து விடுங்கள்" என்றார் அம்மாள்.

"அது கடைசி வேலை. முதலில் அதைத் தொட்டவனால்தான் இவ்வளவும்" என்றார் பெரியவர்.

திருகு, திருகு என்கிறேனே, எதைத் திருகுவது என்று சொல்ல வேண்டாமா?

காருக்குள் பெட்ரோலும் காற்றும் கலக்க வேண்டும். இந்தக் கலவையைத்தான் மெக்கானிக்குகள் மிக்சர் என்கிறார்கள். (தீபாவளி மிக்சரை நினைத்துக் கொள்ள வேண்டாம். அதில் வேர்க்கடலை கூடினால் யாருக்கும் ஆபத்தில்லை.) ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் பிரமிப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! பெட்ரோல் கூடினால் பாதி எரிந்தும் எரியாமலும் போய் விஷவாயு உண்டாகும், பிளக் கறுக்கும், பணம் புகையாகும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் இழுக்காது. ஏறி இறங்கித் திணறும். காலையில் கிளம்ப அடம் பிடிக்கும்.

அந்த நாளில் இந்தக் கலவையைக் கார்ப்பரேட்டர் என்ற பாகம் செய்து வந்தது. காற்று ஓடுகிற வேகத்தில் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் முறை பின்னால் வந்தது. 1954ல் மெர்சிடீஸ் 300 எஸ்.எல். என்ற வேகக் காரில் வந்தபோது அது பணக்காரர் சமாசாரம். அமெரிக்காவில் காரின் புகைக்குக் கட்டுப்பாடு வந்ததும், சாதாரணக் கார்களுக்கும் அது தேவைப்பட்டது. 1967ல் பாஷ் கம்பெனியார் எலெக்ட்ரானிக் மூளை வைத்த ஒரு முறையை வோக்ஸ்வாகன் காரில் கொண்டு வந்தார்கள். 1973ல் வந்தது கே-ஜெட்ரானிக். அம்மாளின் காரில் இருந்தது அதுதான். இந்தக் கம்பெனியை ராபர்ட் பாஷ் 1886ல் ஒரு சின்னப் பட்டறையாக ஆரம்பித்ததும் இதே ஸ்டுட்கார்ட்டில்தான்.

கே-ஜெட்ரானிக்கின் சூட்சுமம் அழகானது. அதற்கு எலெக்ட்ரானிக் மூளை கிடையாது. தராசு போல ஒரு நெம்புகோல். அதன் ஒரு பக்கத்தில் வட்டமான தட்டு, புனல் போன்ற வாய்க்குள் மிதக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது தட்டு மேலே எழும்புகிறது. அதிகக் காற்று, அதிக உயரம். தட்டு எழும்பினால் நெம்புகோல் ஒரு பிளஞ்சரை மேலே தள்ளும். பிளஞ்சரைச் சுற்றி மயிரிழை போன்ற பிளவுகள். அவை திறக்கிற அளவுக்குப் பெட்ரோல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும். விட்டு விட்டுப் பீய்ச்சாமல், எஞ்சின் ஓடுகிற வரை தூவிக் கொண்டே இருக்கும். இட்லி மாவுக்கு அரிசியைத் தராசில் போட்டால் உளுந்து தானே அளந்து விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி!

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக வேண்டும். அதற்கென்று இன்னொரு சின்னக் கருவி உண்டு. சூடு ஏற ஏற அது பிளஞ்சரின் தலையில் அழுத்தத்தைக் கூட்டித் தாராளத்தைக் குறைத்துவிடும்.

சரி, திருகு எங்கே? அந்தத் தட்டுக்கும் பெட்ரோலைப் பங்கிடும் பாகத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் துவாரம். அதற்கு ஒரு மூடி. மூடியை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை நீளமாக உள்ளே விட்டால் நெம்புகோலில் இருக்கிற திருகு அகப்படும். வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் கூடும். இடப்புறம் திருப்பினால் குறையும். அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை. ஆகையால்தான் ஆளாளுக்குக் கை அரிக்கிறது.

பெரியவர் அந்தப் பக்கமே போகவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நாலும் கறுப்பு. ஏர் பில்டரைத் தட்டிப் பார்த்தார். ஆயிலை முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்துவிட்டதாம். அந்த ஆவியும் மீட்டரை ஏமாற்றும். ஆகவே முதலில் ஆயிலை மாற்றினார். புதுப் பிளக் போட்டார்.

பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார்.

"ஏன் இதைத் திறக்கிறார், மாப்பிள்ளை?"

"பெரியவர் சொல்கிறார், அத்தை: இந்த மாதிரி எஞ்சினில் எந்த வழியாகக் காற்றுப் போனாலும் அந்தத் தட்டைத் தூக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த மூடியைத் திறந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். எஞ்சின் உடனே தடுமாற வேண்டும். அப்படித் தடுமாறினால் எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்."

எஞ்சின் தடுமாறவே இல்லை.

"வேறே எங்கோ ஏற்கனவே திறந்திருக்கிறது" என்றார் பெரியவர்.

தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று, ஹார்மோனியத் துருத்தி போல் மடிப்பு மடிப்பாக இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு அதைக் கழற்றி இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிப்புற மடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு! வயதான ரப்பர். அந்த வழியாகக் காற்றுத் திருட்டுத்தனமாகப் போய்க் கொண்டிருந்தது. தட்டுக்குத் தெரியாமல் போன காற்றுக்குப் பெட்ரோல் ஏது? அதனால்தான் சிக்னலில் மூச்சு வாங்கியிருக்கிறது.

கேக் தின்ற பையன் என்ன செய்தான்? காற்று எங்கே திருட்டுப் போகிறது என்று பார்க்கவில்லை. பெட்ரோலைக் கூட்டிவிட்டான். குழம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று உப்பைப் போட்டு, புளியைக் கரைத்து, மறுபடி தண்ணீர் விட்டு... நமக்குத் தெரியாத கதையா?

இரண்டு நாளில் புது ரப்பர்க் குழாய் வந்தது. மாட்டினார். "இனி எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் நினைத்தேன். எஞ்சினைக் கிளப்பினால், ஐயோ, முன்னைவிட மோசம்! கறுப்புப் புகை குப்பென்று வந்தது. மீட்டரின் குழாயைப் புகைக் குழாய்க்குள் விட்டதும் முள் ஏழு சதவிகிதத்தில் போய் நின்றது. அம்மாளின் முகம் வாடிவிட்டது. "பார்த்தீர்களா, இருந்ததும் போயிற்று" என்றார்.

பெரியவரோ சிரித்தார். "இது நல்ல செய்தி" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். ஓட்டை அடைபட்டுவிட்டது. ஓட்டைக்காகக் கூட்டின பெட்ரோல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு தப்பை மறைத்துக் கொண்டிருந்த இன்னொரு தப்பு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. நோய் தீரும்போது ஜுரம் ஒரு நாள் ஏறுகிறதில்லையா?

"இப்போது திருகைத் தொடலாம். ஆனால் நான் தொட மாட்டேன்" என்று சொல்லி, ஆலன் கீயை அம்மாளின் கையில் கொடுத்தார். "உங்கள் கார். உங்களுக்குத்தான் அடுத்த தடவையும் வேண்டும்."

அம்மாள் பின்வாங்கினார். எஞ்சின் பக்கம் கை வைப்பது எப்போதும் கணவரின் வேலையாம். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கைப்பையை வாங்கி வைத்துக் கொண்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டார்.

பெரியவர் போட்ட சட்டதிட்டங்களை என் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஆயிலின் சூடு 80 டிகிரியாவது இருக்க வேண்டும். அதற்காக அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார்கள். விளக்குகளை அணைத்துவிட வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி ஓடாத சமயம் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் வேகத்துக்கு வேறு ஒரு திருகு உண்டு. அதைக் காரின் புஸ்தகத்தில் சொன்னபடி முதலில் வைக்க வேண்டும். பிறகு கலவைத் திருகு. அதன் பிறகு மறுபடி வேகம். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும், மாமியார் மருமகள் போல.

சாவியைத் துவாரத்தில் விடும்போது கீழே அழுத்தக் கூடாது. அழுத்தினால் தட்டு அசைந்து கணக்குக் கெட்டுவிடும். சாவி உள்ளே இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. நெம்புகோலோடு சாவியும் எழும்பி எதிலாவது இடித்து வளைத்துவிடும். திருப்பின பிறகு சாவியை வெளியே எடுத்து, துவாரத்தை மூடி, ஒரு தரம் எஞ்சினை முடுக்கிவிட்டு, முள் அமருகிற வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த திருப்பு.

"எவ்வளவு திருப்ப வேண்டும்?" என்று அம்மாள் கேட்டார்.

பெரியவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, அதை எட்டாக வெட்டி, "இதற்கு மேல் கூடாது. இலக்கை நெருங்கினால் அதிலும் பாதி" என்றார்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எட்டில் ஒன்று அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது அவள் விரல் நுனியில் எடுப்பது மாகாணிதான்; அது கூடினால் வாய் வெந்துவிடும்.

இடப்புறம் அரைக்கால் சுற்று. ஏழு, ஐந்தரை ஆயிற்று. இன்னொரு அரைக்கால். நாலு. எஞ்சினின் குரலே மாறிவிட்டது. தொண்டையில் சளி கட்டின மாதிரி இருந்தது தெளிந்தது. மூன்றுக்குக் கீழே வந்தது. அம்மாளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரே திருப்பாகக் கால் சுற்றுத் திருப்பிவிட்டார். முள் 0.4க்கு விழுந்தது. எஞ்சின் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, நின்றே போய்விட்டது.

"அம்மணி, உங்கள் கணவரும் இப்படித்தான் செய்திருப்பார்" என்றார் பெரியவர். அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி கிளப்பி, வலப்புறம் மாகாணி. காத்திருந்து, பார்த்து, இன்னொரு மாகாணி. முள் ஒன்றரையில் வந்து அசையாமல் உட்கார்ந்தது. அந்தக் காரின் புஸ்தகத்தில் போட்டிருந்ததும் அதுவே. (காருக்குக் கார் இது வேறுபடும். அடுத்த வீட்டுக் காரின் கணக்கு நமக்கு உதவாது.) பெரியவர் ஆயில் மூடியை மறுபடி திறந்தார். எஞ்சின் உடனே விக்கித் தடுமாறிற்று. மூடினார். சீராக ஓடிற்று. அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தார்கள்?

இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். இந்தப் பெட்ரோல் குழாய்களில் அழுத்தம் அதிகம். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எஞ்சினை நிறுத்தின பிறகும் அழுத்தம் வெகு நேரம் நிற்கும். தெரியாதவர்கள் குழாயைத் தளர்த்தினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பக்கத்தில் சூடான எஞ்சின். ஆகவே திருகு வரையில்தான் நம் ராஜ்யம். குழாய்க்கு அனுபவசாலியைக் கூப்பிட வேண்டும்.

இப்போது வருகிற கார்களில் இந்தத் திருகைத் தேடாதீர்கள். 1976ல் வால்வோ கம்பெனியார் புகைக் குழாயில் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் லாம்டா சென்ஸார் என்ற கருவியை வைத்தார்கள். அதன் பிறகு மெள்ள மெள்ளக் கார்கள் தாங்களே முகர்ந்து தாங்களே திருத்திக் கொள்ளக் கற்றுவிட்டன. பழைய கார்தான் நம் காதையும் கையையும் நம்பி இருக்கிறது.

மறு வாரம் பரிசோதனையில் கார் தேறிவிட்டது. அந்த ஞாயிறன்று அம்மாள் போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். ஷெட்டின் ஷட்டரை முழுக்கத் தூக்கி, காரைக் கிளப்பிய மறு விநாடியே வெளியே கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஊருக்கும் மோட்டார் காருக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. 1888ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பெர்த்தா பென்ஸ் என்ற ஸ்திரீ, தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக் கொண்டு, பதினைந்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் இருந்த இரண்டு பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு, மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் உள்ள தாய்வீட்டுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தில் மோட்டார் வண்டியில் நடந்த முதல் நெடும் பிரயாணம் அதுதான். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் போகிற குழாய் அடைத்துக் கொண்டது. எதால் குத்தினார் தெரியுமா? தொப்பியில் செருகியிருந்த ஊசியால்!

பர்னரை ஊசியால் குத்துகிற நமக்கும் அந்த அம்மாளுக்கும் என்ன வித்தியாசம்? அவர் முன்னால் போனார், நாம் அடுப்படியிலேயே நிற்கிறோம், அவ்வளவுதான்.

நான் ஊர் திரும்புகிற அன்று, அம்மாள் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். பிரித்தால், சுவரில் மாட்டுகிற கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி. விஷவாயு வந்தால் கூவும். "என்னிடம் கார் இல்லையே!" என்றேன். "அடுப்பு இருக்கிறதல்லவா?" என்றார்.

யோசித்தால் அவர் சொன்னது சரிதான். ஜன்னல் இல்லாத குளியலறையில் காஸ் கீஸர் வைத்துக் கதவைச் சாத்திக் கொண்டு குளிக்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை? குளிர்காலத்தில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கரிச் சட்டியோடு தூங்குகிறவர்கள் எத்தனை பேர்? மூடின இடத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள்? நெருப்பு எங்கே காற்றுப் போதாமல் எரிகிறதோ, அங்கே அந்த விஷம் பிறக்கிறது. அதற்கு ஜெர்மன் காரும் ஒன்றுதான், நம் வீட்டுக் கீஸரும் ஒன்றுதான். குளியலறையில் காற்று உள்ளே வர வழி இருக்கிறதா, கீஸரின் புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா என்று இன்றே ஒரு தரம் பாருங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், காபி போட உட்காராமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கருவியைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். "இது என்ன, புதுக் கடிகாரமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, நம் அடுப்பு மஞ்சளாக எரிகிறதே. அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் என்ன?" என்றார்.

"குமிழைத் தொடாதீர்கள்!" என்று சொல்லிவிட்டு, ஊசியைத் தேடிக் கொண்டு போனேன்.